குன்றிமணிச் சிவப்பு

அந்த வீட்டுக்குள் பருவங்கள் வாசல் வழியாக வந்ததில்லை, மூத்தவளின் பைக்குள் வந்தன. மழைக்காலம் என்றால் பாசி பிடித்த செங்கல் துண்டும் நத்தை ஓடும் சாப்பாட்டு மேசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பனிக்காலம் என்றால் புழு அரித்த இலைகள், சிலந்தி வலையோடு சேர்த்து ஒடித்த குச்சிகள். தட்டு வைக்க இடம் இருக்காது. கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவர் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "பொண்ணைக் கட்டி வெச்சாங்கன்னு நினைச்சேன், காட்டைக் கட்டி வெச்சிருக்காங்க" என்பார். யாரும் சிரிக்காவிட்டாலும் தானே சிரித்துக்கொள்வார்.

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள், அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துச் சொந்தபந்தமெல்லாம் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. இவர்கள் இருவரும் சேர்ந்து அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டார்கள். இளையவளின் கணவன் சரக்கு லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், வீட்டில் தங்குவதே அபூர்வம். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்துத் தைத்து அலுத்துப்போய் வேலையை விட்டவள். துணியில் பூத்தையல் போடும் மூத்தவளுக்குக் கண் இருந்தது, இவளுக்கு வேகம் இருந்தது. இரண்டும் ஒரே துணியில் உட்கார்ந்தபோது நன்றாகவே ஒட்டிக்கொண்டன.

படத்தைப் பார்த்துத் தைக்கக் கூடாது என்பது மூத்தவளின் சட்டம். "படத்துல இருக்கிற இலை வாடாதுடி. வாடுறதைப் பார்க்காம என்னத்தத் தைக்கிறது?" என்பாள். பறித்து வந்ததை ஜன்னலோரம் வைத்து, அது பச்சையாக இருக்கும்போது ஓர் ஓரத்தையும், சுருங்கிய பிறகு இன்னோர் ஓரத்தையும் தைப்பாள். நூலைக் காலை வெளிச்சத்தில்தான் தேர்ந்தெடுப்பாள். விளக்கு வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும் என்று அவளுக்கு ஒரு கட்சி.

அந்த வருடம் புதிதாகக் கட்டிய நூலகத்தின் வாசிப்பறைக்கு நான்கு துணிகள் கேட்டிருந்தார்கள். பருவத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஆள் உயரம். மழையும் பனியும் துளிரும் முடிந்து சுருட்டி வைத்தாகிவிட்டது. கோடை மட்டும் மரச்சட்டத்தில் நின்றுகொண்டு இருவரையும் பாடாய்ப் படுத்தியது.

கோடைக்காக அவர்கள் போனது தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த பொட்டல். அங்கே பச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. வைக்கோல் நிறப் புல், துருப்பிடித்த கம்பி வேலி, வெடித்த தரை. மூத்தவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பழுப்பில் மட்டும் பத்துப் பதினைந்து நூல் வைத்துக்கொண்டு தண்டுத் தையலில் புல்லைப் புல்லாகவே நிறுத்திவிட்டாள். ஆனால் தள்ளி நின்று பார்த்தபோது முகம் சுண்டிப்போயிற்று.

"கண்ணு எங்கயாவது போய் நிக்கணும்டி. இதுல நிக்க இடமே இல்ல. ஒரு சிவப்பு வேணும்."

வீட்டிலிருந்த சிவப்பு நூல் அத்தனையையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று குங்குமமாகத் தெரிந்தது, ஒன்று ரத்தமாகத் தெரிந்தது, ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை ரிப்பனாகத் தெரிந்தது. மறுநாள் இளையவள் தனியாகவே பொட்டலுக்குப் போனாள். வேலிக் கம்பியில் ஒரு கொடி காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நெற்றுகள் வெயிலில் வெடித்து வாயைப் பிளந்திருந்தன. உள்ளே வரிசையாகக் குன்றிமணி, கறுப்புக் கண் வைத்த சிவப்பு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முந்தானை கொள்ளுமட்டும் பறித்து முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

மூத்தவள் ஒரு மணியை எடுத்துத் துணிமேல் வைத்துப் பார்த்தாள். பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்தாலே விஷயம் பெரிது.

"விஷமாச்சேடி இது" என்றாள் பிறகு.

"அதெல்லாம் சும்மாக்கா. முழுசா விழுங்கினாக்கூட அப்படியே வெளியில வந்துடும். தோல் அவ்வளவு கெட்டி. எங்க தெருவுல ஒருத்தன் சின்ன வயசுல விழுங்கிட்டு, இப்ப பனைமரம் மாதிரி வளந்து நிக்கிறான். நாம என்ன திங்கவா போறோம்?"

அவள் சொன்னது பொய்யில்லை. மூத்தவளும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தாள், அவள் கணவரும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தார். முழுசாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம். அதில் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தைக்க வேண்டுமென்றால் துளை வேண்டும். மணியோ கல். ஊறவைத்தும் அசையவில்லை. ஊசி ஒடிந்தது, இளையவளின் கட்டைவிரலில் ஏறியது, மணி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. இரண்டு பெண்களும் தரையில் தவழ்ந்து சல்லடை போட்டுத் தேடுவதைக் கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டா இங்க" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியின் வேலையைக் கேலி செய்வதைத் தவிர வேறெதுவும் செய்திராத மனிதர் அவர். ஊசி எடுத்துத் தா என்றால்கூட எழுந்துபோகிறவர். அன்று மேசையில் கிடந்த கடிகாரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, மயிரிழை கனமுள்ள துளையூசியைக் கைக்கருவியில் பொருத்தி, மணியைச் சின்ன இடுக்கியில் கவ்வி, மூச்சை அடக்கிக்கொண்டு துளை போட்டார். ஒரு மணிகூட உடையவில்லை. துளை சரியாகக் கறுப்புக் கண்ணின் நடுவில் நுழைந்து மறுபக்கம் வந்தது. மாலை முழுக்கப் போட்டார். போடப் போட மூத்தவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாரேன்டி, பாரேன், இந்த மனுஷன் கையில இதெல்லாம் இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "கூலி என்ன தருவே?" என்று கேட்டார் அவர். "மேசைல சாப்பாடு" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் மூவரும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மணி வைத்துத் தைக்கும்போது மூத்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிமிர்ந்து நிற்கும் சட்டத்தில் தைக்க இரண்டு கையும் வேண்டும், துணிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கிண்ணத்திலிருந்து மணி எடுக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் ஒரு கைப்பிடி மணியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி, ஊசி முனையால் அங்கிருந்தே வாங்கிக்கொள்வாள். பார்க்கப் பறவை இரை கொடுப்பது போலிருக்கும். இளையவளும் பார்த்துப் பார்த்து அப்படியே பழகியிருந்தாள். "உங்கக்கா வாயை மூடியிருக்கிற நேரம் இது ஒண்ணுதான், கெடுத்துடாதே" என்பார் கடிகாரக்காரர். கண்ணாடி மணியை அடக்கிய அதே கன்னத்தில் மூத்தவள் குன்றிமணியையும் அடக்கிக்கொண்டாள். காலையில் தொடங்கி வெளிச்சம் போகும்வரை வெடித்த நெற்றுக்கு நெற்று மணி வைத்தாள். இளையவள் அன்று முழுக்கச் சமையலும் துவையலுமாக இருந்தாள்.

மறுநாள் காலையில் மூத்தவள் வாந்தியெடுத்தாள். வெயில் என்றார்கள். மத்தியானம் வயிற்றால் போயிற்று, சாயங்காலத்துக்குள் அதில் ரத்தம் கண்டது. கடிகாரக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இளையவள்தான் வண்டி பிடித்து இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் இளவயதுப் பெண், பொறுமையாகத்தான் கேட்டாள். என்ன சாப்பிட்டார்கள், யார் சமைத்தது, வெளியில் ஏதாவது வாங்கித் தின்றார்களா.

"நான்தாங்க சமைச்சேன். காளானும் சோறும். நாங்க எல்லாருமே சாப்பிட்டோம்."

"காட்டுல மேட்டுல பறிச்ச காய், விதை, இலை எதையாவது வாயில போட்டாங்களா?"

"பறிப்போங்க, ஆனா தைக்கத்தான். திங்கிறதெல்லாம் கிடையாது" என்றாள் இளையவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணாடி மணியை வாயில் அடக்குகிறவள் அதைத் தின்கிறாள் என்று யாராவது சொல்வார்களா?

அடுத்த நாள் நாத்தனார் வந்து இறங்கினாள். கடிகாரக்காரருக்குத் தங்கை, நாக்கில் நரம்பில்லாதவள். காளான் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் தின்னா என்ன? ஒரு கெட்ட காளான் போதாதா? அது யார் தட்டுல விழுந்ததோ" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கடிகாரக்காரர் "சும்மா இரு" என்று அடக்கினாலும் இளையவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தான் ஆய்ந்த ஒவ்வொரு காளானையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

மூத்தவளுக்கு மாற்றுத்துணி எடுக்க இளையவள் வீட்டுக்கு வந்தாள். எடுத்துக்கொண்டு கிளம்பியவள் சட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். பொட்டலில் அங்கங்கே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மேல் மூலையில் ஒரு நெற்று மட்டும் காலியாக இருந்தது. அக்கா வந்து பார்க்கும்போது முடிந்திருந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. கிண்ணத்திலிருந்து நாலைந்து மணியை எடுத்து, யோசிக்காமல், வாயில் போட்டுக்கொண்டாள்.

ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கு தன் பாட்டுக்கு ஒரு மணியை உருட்டியது. வழவழவென்று உருண்டு வந்தது, ஓர் இடத்தில் மட்டும் நின்றது. அங்கே துளை இருந்தது. துளையின் ஓரம் சொரசொரவென்று நாக்கில் பட்டது.

முழுசாக விழுங்கினால். முழுசாக.

அவள் தரையிலேயே துப்பினாள், ஓடிப்போய்க் குடம் தண்ணீரையும் வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள், விரலை விட்டு வாந்தியெடுத்தாள். சட்டத்திலிருந்த மணிகளைக் கத்தரிக்கோலால் துணியோடு சேர்த்து வெட்டி ஒரு பையில் போட்டாள். அழகாக நின்ற கோடை அரை நிமிடத்தில் கந்தலாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள்.

டாக்டர் பையைத் திறந்து பார்த்தாள், ஒரு மணியைக் காகிதத்தில் வைத்துத் துளையைப் பார்த்தாள். முதலில் இளையவளைக் கட்டிலில் படுக்கவைத்துக் கறுப்பாக எதையோ குடிக்கக் கொடுத்தாள். அவள் அடக்கியிருந்தது கொஞ்ச நேரம்தான், தப்பித்துவிடுவாள் என்றாள்.

"அக்கா?"

"அவங்க ஒரு நாள் முழுக்க எச்சில்ல ஊறவெச்சு விழுங்கியிருக்காங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. வந்த அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இதைக் குடுத்துப் பார்த்திருக்கலாம். அப்பவும் பிழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். இளையவளுக்கு அதில் 'அன்னிக்கே' மட்டும்தான் கேட்டது. விதை எதையாவது வாயில் போட்டாளா என்று இதே டாக்டர் கேட்டாள். இல்லை என்று இதே வாய் சொன்னது.

மூத்தவளின் கண்கள் குழிக்குள் போயிருந்தன, உதடு வெடித்திருந்தது. கடிகாரக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். இளையவள் கட்டிலோரம் மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான்க்கா பறிச்சிட்டு வந்தேன், நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னேன், டாக்டர் கேட்டப்பவும் நான்தான்..." என்று சொல்லி நெற்றியைக் கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டாள்.

மூத்தவள் அவள் தலையில் கையை வைத்தாள். அந்தக் கைக்குக் கனமே இல்லை. கொஞ்ச நேரம் எதையோ யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் வந்த பயம் சாவுக்கான பயம் மாதிரி தெரியவில்லை.

"ஓட்டை போட்டது அவருடி."

இளையவள் நிமிர்ந்தாள். அது அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

"அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் அவரு கருவியைத் தொட மாட்டாரு. சோறு தண்ணி இறங்காது. உனக்குத் தெரியாது அவரை."

"டாக்டரே சொல்லிடுவாங்களேக்கா. மறைக்க முடியாது."

"நீதான் வாயாடியாச்சே. ஏதாவது சொல்லு" என்றாள் மூத்தவள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சத்தியம் பண்ணுடி."

இளையவள் சத்தியம் செய்தாள். செய்த கையோடு அவளுக்குக் கோபமும் வந்தது. புருஷனை நினைத்துப் பார்த்த அக்கா, மிச்சமிருக்கிற ஒருத்தியை நினைத்துப் பார்க்கவில்லையே என்று ஒரு கணம் மனது கசந்தது. சாகக் கிடக்கிறவள்மேல் கோபப்படுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அக்காவின் உதட்டைப் பஞ்சால் நனைத்தாள்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே, மூத்தவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியாயிற்று. நாத்தனார் மட்டும் தங்கியிருந்தாள். இளையவளின் கணவன் எங்கோ பாதி வழியில் லாரியோடு வந்துகொண்டிருந்தான். காலை வெளிச்சம் கூடம் முழுக்க விழுந்திருந்தது. கடிகாரக்காரர் தன் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். கருவிகள் அப்படியே இருந்தன. அவர் கைகளை மேசையில் வைக்காமல் மடியில் வைத்திருந்தார்.

"டாக்டர் எல்லாம் சொன்னாங்கம்மா" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "தோல் உடையாம இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதாம். ஓட்டை வழியாத்தான் இறங்கியிருக்கு." மடியிலிருந்த கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நான் போட்ட ஓட்டை."

சத்தியம் செய்தபோது இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று இளையவள் நினைக்கவில்லை.

"இல்ல மாமா" என்றாள்.

"என்ன இல்ல?"

"நீங்க போட்டதை அக்கா தைக்கல. ஓட்டை ரொம்பச் சின்னதா இருந்துச்சு, ரெட்டை நூல் நுழையல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் திரும்பப் போயி பறிச்சிட்டு வந்தேன். கோணியூசியைப் பழுக்கக் காய்ச்சி நான்தான் ஓட்டை போட்டேன். அதைத்தான் அக்கா வாயில வெச்சிருந்தாங்க."

பொய் தடங்கலில்லாமல் வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார், "அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன், இவ கைதான்னு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடிகாரக்காரர் இளையவளை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது, மூச்சு நீளமாக வெளியே வந்தது. அதற்குப் பின்னாலேயே, அவள் எதிர்பார்த்த வெறுப்பும் வந்தது.

"தம்பி வந்ததும் வேற வீடு பார்த்துக்கங்க" என்றார்.

"சரிங்க மாமா."

அவள் திரும்பினாள். அக்கா சொன்னதைச் செய்தாயிற்று, மனுஷன் இனிக் கருவியைத் தொடுவார், சோறு இறங்கும், அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறை வாசலை அடைவதற்குள் அவர் கூப்பிட்டார். வெறுப்பெல்லாம் போய், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய பிள்ளையின் குரல் போலிருந்தது.

"அப்போ... நான் போட்டதுல ஒண்ணுகூடவா அவ எடுத்துக்கல?"

இளையவள் அறை வாசலிலேயே நின்றாள்.

"அன்னிக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டாளேம்மா. தூக்கித் தூக்கிப் பார்த்தாளே."

ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, எல்லாமே நீங்க போட்டதுதான் மாமா, அத்தனையும் ஆசை ஆசையா எடுத்துக்கிட்டாங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. நிலைப்படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொன்னாங்க மாமா" என்றாள்.